முந்திரிக் கடைக்கென்றே செய்தது

மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து வைத்தது ஒரு கட்டு பில்லும் ஒரு வழவழப்பான துண்டறிக்கையும். "வக்கீல் சார், இந்த பில்லு எல்லாத்துலயும் என் கடை பேருதான் இருக்கு. ஆனா எதுலயும் என் கணக்கு இல்ல" என்றார். 2022ஆம் ஆண்டின் தொடக்கம். இத்தனை ஆண்டு வக்கீல் தொழிலில் ஒரு வழக்கை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கட்சிக்காரர் எனக்கு வேறு யாரும் இல்லை.

அவருக்குக் காடாம்புலியூரில் சாலையோரம் முந்திரிக் கடை. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி, வடலூர் வழியாகக் கும்பகோணம் போகும் சாலை அது. காரில் போகிறவர்கள் நிறுத்தி வாங்குவார்கள். நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பவர்கள் சொந்த ஊருக்குப் போகும்போது கிலோ கணக்கில் கட்டச் சொல்வார்கள். பிறப்பால் அவர் வியாபாரி இல்லை, தோப்புக்காரர். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் அவருடைய முந்திரி மரங்களை வேரோடு சாய்த்துவிட்டது. புதுக் கன்று வளர்ந்து பலன் தரும்வரை வயிறு காத்திருக்காது. அதனால் கணவனும் மனைவியுமாக ஒரு கீற்றுப் பந்தலில் தராசோடு உட்கார்ந்தார்கள். பிறகுதான் அது கடையானது.

முந்திரி வியாபாரம் மளிகை வியாபாரம் போன்றதல்ல. முழுப் பருப்பில் 180, 210, 240, 320 என்று தரம் உண்டு. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதைச் சொல்லும் எண் அது. 320 என்றால் பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. எண் கூடக் கூடப் பருப்பு சிறுக்கும், விலை இறங்கும். அதற்குக் கீழே பாதி, உடைசல், குருணை. டின்னைத் திறந்து சலித்தால் முழுப் பருப்பில் கொஞ்சம் உடைந்திருக்கும். அதை முழுசின் கணக்கிலிருந்து கழித்து உடைசலின் கணக்கில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் லாபம் எங்கே போனதென்றே தெரியாது. அவருடைய மனைவி இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் பிசகில்லாமல் எழுதி வந்தார்.

அந்த நோட்டுக்குப் பதிலாகத்தான் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். மின்னணுத் தராசு, தொடுதிரை, பில் அச்சிடும் கருவி, மென்பொருள் எல்லாம் சேர்த்து 1,12,000 ரூபாய். துண்டறிக்கையின் தலைப்பு: "முந்திரிக் கடைக்கென்றே செய்தது." கீழே, "தரம் மாற்றினால் கணக்கு தானே மாறும்" என்று ஒரு வரி. பிரதிநிதி கடைக்குள் உட்கார்ந்து அந்த அம்மாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இதே மாதிரி வரும்கா" என்றும் சொல்லியிருக்கிறார். நகைக்கடன் வாங்கிப் பணம் கட்டினார்கள்.

ஒரு தொழிலுக்கென்று தனியாக மென்பொருள் செய்து விற்பதில் தவறே இல்லை. மருந்துக் கடைக்குக் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் வேண்டும். நகைக்கடைக்குச் செய்கூலியும் சேதாரமும் வேண்டும். பொதுவான பில் இயந்திரம் அங்கே உதவாது. சிறு தொழிலின் நெளிவுசுளிவைக் கற்றுக்கொண்டு அதற்கேற்பக் கருவி செய்கிறவர் அந்தத் தொழிலுக்கு நல்லது செய்கிறார். இவர்களிடம் வந்தவர்கள் கற்றுக்கொள்ளவில்லை.

இயந்திரம் தரம் மாற்றவில்லை. உடைசலைக் கழித்தால் "இருப்பு தவறு" என்று நின்றுவிடும். அதைவிடப் பெரிய சிக்கலைக் கண்டுபிடித்தவர் அவர்களுடைய கணக்கர். கடை ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் பதிந்தது. அந்தத் திட்டத்தில் உள்ள வியாபாரி விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், வாங்குகிறவரிடம் வரி வசூலிக்கக் கூடாது. அவர் தர வேண்டியது 'பில் ஆஃப் சப்ளை'. அதன் தலையில், தான் காம்போசிஷன் வரி செலுத்துபவர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று அச்சாகியிருக்க வேண்டும். இந்த இயந்திரமோ மாதக்கணக்கில் 'டாக்ஸ் இன்வாய்ஸ்' அடித்துத் தள்ளியிருந்தது. மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று ஒவ்வொரு பில்லிலும் பிரித்துக் காட்டியிருந்தது. வரி என்ற பெயரில் வாங்கிய பணம் அரசுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். கணக்கர் கூட்டிச் சொன்ன தொகையை அவர்கள் கட்டினார்கள். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, அடுத்த ஆண்டுக்கான சந்தாவைக் கட்டினால்தான் சரிசெய்வோம் என்று பதில் வந்தது.

கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்பு முதலில் எழுப்பியது நான் எதிர்பார்த்த கேள்விதான்: கடைக்காரர் எப்படி நுகர்வோர் ஆவார்? வணிக நோக்கத்துக்காக வாங்கியவருக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லையே?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. பழைய சட்டத்திலும் இதே விளக்கம் இருந்தது. அதன் பொருளை 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது கோயம்புத்தூர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில்தான். பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் அந்த வழக்கில் தோற்றது. ஆனால் அதே தீர்ப்பு, தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரும், தானே இயக்கிப் பிழைக்கக் கடைசல் இயந்திரம் வாங்குகிறவரும் நுகர்வோரே என்றது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் சொன்னது. 2018இல் பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில், சுயதொழிலுக்காகப் புகைப்பட இயந்திரம் வாங்கிய பட்டதாரிகளையும் உச்ச நீதிமன்றம் நுகர்வோராக ஏற்றது.

எங்கள் கடையில் உதவிக்கு ஒரே ஓர் இளைஞர். பில் போடுவது அந்த அம்மா. புயலில் தோப்பு போனதற்கான வருவாய்த் துறை ஆவணத்தையும் கடைக்காரருடைய பிரமாண வாக்குமூலத்தையும் தாக்கல் செய்தேன்.

அடுத்து, வழக்கைச் சென்னையில்தான் நடத்த வேண்டும் என்று ஆங்கில ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனையைக் காட்டினார்கள். புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே புகார் தரலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. மென்பொருள் என்பது வெறும் உரிமம், சரக்கல்ல என்றார்கள். கடையில் விற்கும் ஆயத்த மென்பொருள் சரக்கே என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் 2004இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சரக்கு என்றான பிறகு 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வந்து நிற்கும். இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அந்தப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும்.

வழக்கை முடித்து வைத்தது ஒரு படம். இயந்திரத்தை முதல் நிலைக்குத் திருப்பியபோது திரையில் ஒரு பொருள் பட்டியல் வந்தது. துவரம்பருப்பு, குளியல் சோப்பு, ஊதுபத்தி. அந்த அம்மாதான் செல்பேசியில் அதைப் படம் எடுத்து வைத்திருந்தார். உரிய மின்னணுச் சான்றிதழோடு தாக்கல் செய்தோம். மளிகைக் கடை மென்பொருளுக்கு முந்திரிப் படம் ஒட்டி விற்றது அதில் தெரிந்தது. துண்டறிக்கையின் தலைப்பையும் அந்தப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துத்தான் வாதத்தை முடித்தேன்.

2023இல் உத்தரவு வந்தது. இயந்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழு விலையையும் வட்டியோடு தர வேண்டும். தவறான பில்லால் கட்ட நேர்ந்த தொகையையும், மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும், வழக்குச் செலவையும் தர வேண்டும். வியாபார லாபம் குறைந்தது என்று நாங்கள் கேட்டதை, ஆதாரம் இல்லை என்று ஆணையம் தள்ளியது. அது சரியான முடிவு. அந்த மாதங்களுக்கு எங்களிடம் நோட்டு இல்லை. இயந்திரத்தை நம்பி அந்த அம்மா எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

இந்தப் பாதை எல்லோருக்கும் திறந்ததல்ல. 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் தொழில் நடைமுறைக்காக மென்பொருள் உரிமம் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று தீர்ப்பளித்தது. கம்பெனியாகப் பதிந்து பல கிளைகள் நடத்துகிறவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தானே கல்லாவில் உட்காரும் கடைக்காரருக்குக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.

கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள். "உங்க தொழிலுக்கென்றே செய்தது" என்று யாராவது சொன்னால், அதைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் ஜி.எஸ்.டி. எந்த வகை என்பதையும் அந்தத் தாளில் எழுத வையுங்கள். துண்டறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். இயந்திரம் வந்த பிறகும் மூன்று மாதம் நோட்டில் எழுதுங்கள். ஏமாந்தது தெரிந்தால் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.