ஊமையான விசைப்பலகை

2017-ஆம் ஆண்டு நமது பங்கு அலுவலகக் கணிப்பொறிக்கு ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியும் அதற்கேற்ற தாய்ப்பலகையும் பொருத்தப்பட்டன. இயங்குதளம் பழைய விண்டோஸ் 7. திரை ஒளிர்ந்தது, விசைப்பலகையும் மௌசும் அசையவில்லை. ஞானஸ்நானப் பதிவேடுகளின் பெயரகராதி முழுவதும் அதனுள் இருந்தது. வரும் ஞாயிறன்று முதல் ஓலை வாசிக்கப்படவேண்டிய மணமகனோ சான்றிதழுக்காக வாசலில் காத்திருந்தார்.

இரண்டையும் புதிதாக வாங்கும்படி கடைக்காரர் கூறினார். நாம் இணங்கவில்லை. பொறியை முடுக்கியதும் வரும் பயாஸ் திரையில் அதே விசைகள் செவ்வனே இயங்கினவே! பழுது கருவியிலிருந்தால் அங்கும் ஊமையாகத்தானே இருந்திருக்கும்?

காரணம் வேறு. 2015-இல் வெளிவந்த அத்தலைமுறையில் யூஎஸ்பி 2.0-க்குரிய பழைய கட்டுப்படுத்தியை நீக்கி, அனைத்தையும் 3.0 கட்டுப்படுத்தியிடமே ஒப்படைத்துவிட்டனர். 2009-இல் வெளியான விண்டோஸ் 7-க்கு அதனோடு பேசத் தெரியாது, பயாஸுக்குத் தெரியும்.

நல்லவேளையாகப் பெட்டியின் பின்புறம் பிஎஸ்/2 எனப்படும் வட்டத் துளை இருந்தது. பொறியை நிறுத்திவிட்டு (ஓடும்போது மாட்டலாகாது), பரணில் கிடந்த பழைய விசைப்பலகையைத் தூசி தட்டி அதில் செருகினோம். அது உடனே பேசிற்று. தாய்ப்பலகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்து யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் நிரலை நிறுவியதும் மௌசும் உயிர் பெற்றது. மாலைத் திரிகால மணி ஒலிக்குமுன் மணமகன் சான்றிதழோடு புறப்பட்டார்.