இருபது டாலரை வாங்காத கூட்டம்

ஓஹையோ மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர் காருக்கு மஞ்சள் நிற நம்பர் பிளேட் மாட்டுகிறார்கள். மஞ்சளில் சிவப்பு எழுத்து. இரண்டாம் முறை பிடிபட்டவருக்கும், ரத்தத்தில் ஆல்கஹால் அளவு மிதமிஞ்சிப் போனவருக்கும், வேலைக்குப் போய்வருவது போன்ற அவசியத்துக்கு மட்டும் நீதிபதி வண்டி ஓட்ட அனுமதித்தால், 2004 முதல் இது கட்டாயம். ஊரார் வைத்திருக்கும் கேலிப் பெயர் 'பார்ட்டி பிளேட்'. வீட்டில் ஒரே கார் என்றால் மனைவி பால் வாங்கப் போவதும் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் இறங்குவதும் அந்த மஞ்சளோடுதான். குடித்தவர் ஒருவர், சுமப்பது குடும்பம். இதை யோசித்துச் சட்டம் போட்ட புண்ணியவானுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்களா தெரியவில்லை.

கிளீவ்லாந்து புறநகரில் குடியிருக்கும் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தின் காரில் போன மாதம் அந்த பிளேட் ஏறியது. இந்த வாரம் அந்த மனிதர் முதல் தடவையாக, குடியை விட விரும்புகிறவர்கள் முழுப்பெயர் சொல்லாமல் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனார். தனியாகப் போகக் கூச்சம். "நீங்களும் கூடப் போங்கண்ணா, கோயிலுக்குப் போற மாதிரி நெனச்சுக்கோங்க" என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் பக்கத்துத் தெரு மதுரைக்காரர் துணைக்குக் கிளம்பினார்.

கூட்டம் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. 'மீட்டிங் கைடு' என்ற செயலியைத் திறந்தால் விடியற்காலை, மதியச் சாப்பாட்டு நேரம், ராத்திரி என்று வரிசையாக வருகிறது. 'ஓபன்' என்று போட்டிருந்தால் யாரும் போய் உட்காரலாம். 'க்ளோஸ்டு' என்றால் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். துணைக்கு ஆள் வருவதால் இவர்கள் ஓபன் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேவாலயத்தின் கீழ்த்தளம். மடக்கு நாற்காலிகள், கசப்பான காபி. ஒருவர் எழுந்து, தான் குடித்த கதையையும் விட்ட கதையையும் சொன்னார். ஓஹையோவில் இதை 'லீட்' என்பார்கள். முடிந்ததும் ஒருவரும் புத்திமதி சொல்லவில்லை. நம்மூரில் ஒருவன் குடியை விடப்போகிறேன் என்று வாய் திறந்தால் பெரியப்பாவிலிருந்து டீக்கடைக்காரர் வரை ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதைக் கேட்டே மறுபடி கடைக்குப் போனவர்கள் உண்டு.

அப்புறம் கூடை வந்தது. மதுரைக்காரர் இருபது டாலர் நோட்டை எடுத்தார். பக்கத்திலிருந்த முதியவர், "நீங்கள் உறுப்பினரா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்படியானால் வேண்டாம்" என்று கூடையை நகர்த்திவிட்டார்.

மதுரைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. முதியவர்தான் பிறகு காபி ஊற்றிக்கொடுத்து விதியை விளக்கினார். வாடகை, காபி, புத்தகம் எல்லாம் உறுப்பினர் காசில் மட்டும். தேவாலயம் இடத்தைச் சும்மா தந்தாலும் ஏதாவது கொடுத்துவிடுவார்கள். உறுப்பினரே ஆனாலும் தலைமை அலுவலகத்துக்கு வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் தரமுடியாது. கோடீஸ்வர உறுப்பினர் ஒருவர் உயிலில் எழுதி வைத்தாலும் உச்சவரம்பு உண்டு. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

1935 மே மாதம், பங்குச்சந்தைத் தரகர் பில் வில்சன் வியாபார வேலையாக ஓஹையோவின் ஆக்ரன் நகரத்துக்கு வந்து தோற்றுப்போனார். குடியை நிறுத்திச் சில மாதம்தான் ஆகியிருந்தது. மேஃப்ளவர் ஹோட்டல் முகப்பில் ஒரு பக்கம் மது அருந்தகம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போய்த் தேவாலயங்களை அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டுமென்று கேட்டார். கிடைத்தவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிடம் என்று வந்தவர் ராத்திரி வரை பேசினார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் ஜூன் 10தான் இந்த இயக்கத்தின் பிறந்தநாள். 1938இல் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரிடம் பெரிய தொகை எதிர்பார்த்தார்கள். பணம் இதைக் கெடுத்துவிடும் என்று சொல்லி அவர் 5,000 டாலர் மட்டும் கொடுத்தார். பிற்பாடு வெளியார் பணம் வாங்குவதில்லை என்பதே இயக்கத்தின் கொள்கையாகிவிட்டது.

டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு 'உபயம்' எழுதும் ஊரிலிருந்து வந்தவருக்கு இது சீரணமாகவில்லை. ஆனால் கூட்டத்தில் முழுப்பெயர் சொல்லாத விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க ஊர்ல மாலை போட்டவன் எல்லாருமே சாமிதான். கலெக்டரும் சாமி, கொத்தனாரும் சாமி. குடியும் கிடையாது. இவங்க புதுசா என்னத்தக் கண்டுபிடிச்சாங்க?" என்று காரில் வரும்போது வாதாடினார். மாலையைக் கழற்றிய மறுநாள் டாஸ்மாக் வாசலில் எத்தனை சாமிகள் நிற்கிறார்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டார். மண்டலக் கணக்குக்கு முடிவு நாள் உண்டு. இங்கே 'இன்றைக்கு மட்டும்' என்கிறார்கள், அந்த இன்று முடிவதேயில்லை. வெறும் பேச்சில் என்ன ஆகும் என்பவர்களுக்கு: 2020இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமலிருக்க, முறைப்படி இந்த வழிக்கு அழைத்துச் செல்லும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிட நன்றாகவே பலன் தந்திருந்தது.

சென்னையிலும் தமிழிலேயே இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையும் இருக்கிறது. இதைக் கேட்டதும் கோயம்புத்தூர்க்காரர் ஊரிலிருக்கும் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தன்னைப் பற்றி இன்னும் பேசவில்லை.

வீட்டில் அவர் மனைவி கேட்ட கேள்வி வேறு. "எங்களுக்கு ஏதும் கூட்டம் இல்லீங்களா?" இருக்கிறது. வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தோழி ஒருவருடன் சேர்ந்து தொடங்கிய அல்-அனான், குடிப்பவரின் குடும்பத்தாருக்கானது. அங்கே கணவரைப் பற்றிப் புகார் சொல்லக் கூடுவதில்லை, தன்னைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றதும் அந்த அம்மாள், "அப்ப நான் எதைத்தான் பேசறதுங்க?" என்றார். பேசாமலும் உட்கார்ந்திருக்கலாம் என்று தெரிந்த பிறகு, மதுரைக்காரர் மனைவியும் கூட வந்தால் வியாழக்கிழமை போய்ப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். போவது அந்த மஞ்சள் பிளேட் காரில் இல்லை என்பதிலும் கறாராக இருந்தார்.