மிலாறும் ஒரு கொத்து அரிசியும்



2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். நோட்டன் பிரிட்ஜில் என் அடுப்பு எரிந்தது, லயத்து அக்கா ஒருவர் சுமந்து வந்த கவ்வாத்து மிலாறால்தான். "காசு வேணாம் தங்கச்சி, கட்டுக்கு ஒரு கொத்து அரிசி தாங்க" என்றார்.

அரிசி விலை ஏறியது. நான் அரைக் கொத்தாகக் குறைத்தேன். அவர் எதுவும் பேசவில்லை. பிள்ளைகள் பசித்திருக்கும்போது எந்தத் தாய் பேரம் பேசுவாள்?

அன்றிரவு பிலால் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு ஸாவு கொடுத்து, நல்லதில் ஒரு ஸாவு வாங்கி வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை வட்டி என்று தடுத்து, இருப்பதை விற்று, அந்தக் காசில் வேண்டியதை வாங்கச் சொன்னார்கள். விறகும் அரிசியும் வேறு வேறு இனம். அந்தத் தடை இங்கே இல்லை. ஆனாலும் விலை பார்க்காத மாற்றில் ஒருவருக்கு அநீதி நேரலாம் என்பது உறைத்தது.

ஈரானின் எண்ணெய்க் கடனுக்குத் தேயிலை கொடுக்க நம் நாடு 2021 டிசம்பரில் உடன்பட்டபோதும், மாதம் 50 இலட்சம் டொலர் என்று விலை வைத்தே பேசினார்கள்.

நானும் கடை விலையில் கணக்குப் பார்த்தேன். விறகுக் கட்டின் விலை ஒரு கொத்து அரிசிக்கும் மேல்! மறுநாள் குறைத்ததையும் சேர்த்து அளந்து கொடுத்தேன்.

காசில்லாத கொடுக்கல் வாங்கலில் தராசு நம் மனச்சாட்சிதான். எதிரில் நிற்பவரின் இல்லாமையைக் கொண்டு அளக்காதிருப்போமாக!