சேம்பு இலையும் சோப்புத் தண்ணீரும்

போன தீபாவளிக்கு மகள் வழிப் பேத்தி வந்திருந்தாள். வெளியே நல்ல மழை. திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, ஊருக்கு வந்தும் அதையே பார்த்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் நனைஞ்சிடுது தாத்தா" என்றாள்.

மொட்டை மாடியில் துணி காயப் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது என்று எழுந்துவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். வந்த நாலு நாளில் அன்றுதான் சிரித்தாள்.

அவள் பிரான்சில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். வீட்டில் தமிழ்தான்; படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள். எனக்கு அது சௌகரியம். முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் ஆங்கிலத்தில் நோட் போட்டவன்தான், ஆனாலும் விஞ்ஞானம் என்று என் தலையில் தங்கியிருக்கிற கொஞ்சநஞ்சமும் புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் ஏறியது.

விஷயம் இதுதான். அனல்மின் நிலையப் புகையில் இருக்கும் கரியமில வாயுவைக் காற்றில் கலக்க விடாமல் பிடிக்க வேண்டும். பழைய வழி, உயரமான கோபுரத்தில் மேலிருந்து அமீன் கரைசலைப் பொழிந்து, கீழிருந்து புகையை விடுவது. இதற்கு 1930-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். நம் தூத்துக்குடியில்கூட ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாய்லர் புகையிலிருந்து இப்படி வாயுவைப் பிடித்து சோடா உப்பு தயாரிக்கிறார்கள் என்று சில வருஷங்களுக்கு முன் செய்தி வந்தது. கோபுரம் என்றால் இடமும் வேண்டும், பணமும் வேண்டும். அதற்குப் பதிலாக, சேமியா மாதிரி மெல்லிய, உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் இழைகளை ஆயிரக்கணக்கில் ஒரு குழாய்க்குள் அடைக்கிறார்கள். இழைக்கு உள்ளே கரைசல், வெளியே புகை. இழையின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அகலம் என்றாள். வாயு அந்தத் துளை வழியாகப் போய்க் கரைசலில் கரையும். கரைசல் மட்டும் துளைக்குள் வரக் கூடாது.

ஏன் வரக் கூடாது? துளையில் காற்று இருக்கிற வரைக்கும் கரியமில வாயு ஓடிக் கடந்துவிடும். துளையில் திரவம் நின்றுவிட்டால் அதன் வழியே ஊர்ந்துதான் போக வேண்டும். திரவத்தில் அதன் வேகம் காற்றில் இருப்பதில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதானாம். அதனால் சுவரில் கொஞ்சம் நனைந்தாலே போதும், வேலை கெட்டுவிடும். இந்த நனைதலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மூயாழ்'.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இயற்பியல் வகுப்பு ஞாபகம் வந்தது. எங்கள் முசியே நூலிழை போன்ற கண்ணாடிக் குழாய்களைத் தண்ணீரில் நிறுத்திக் காட்டுவார். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் தண்ணீர் ஏறும். அதே குழாய்களைப் பாதரசத்தில் வைத்தால் மட்டம் கீழே இறங்கும். பாதரசம் கண்ணாடியை நனைக்காது, அதை உள்ளே தள்ள வேண்டுமானால் நாம்தான் அமுக்க வேண்டும். ழூரேன் விதி என்று மனப்பாடம் செய்தோம். அறுபது வருஷமாக அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றே நினைத்திருந்தேன். அவர் ஜூரின் என்கிற ஆங்கிலேய வைத்தியர் என்று பேத்தி சொல்லித்தான் தெரியும்.

"அதேதான் தாத்தா. என் இழைக்குத் தண்ணி பாதரசம் மாதிரி" என்றாள். துளை சின்னதாக இருக்கிற வரை கரைசல் உள்ளே நுழையப் பெரிய அழுத்தம் வேண்டும். ஆனால் கோடிக்கணக்கான துளைகளில் எது பெரியதோ அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். சராசரியைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

அப்படியானால் அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். நானும் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கிணற்றடிச் சேம்பு இலையில் மழைத்துளி முத்து முத்தாக உருண்டுகொண்டிருந்தது. தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, அதே கதைதான். துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரை ஒரு கை அள்ளி இலையில் விட்டாள். உருளவில்லை, பரவி ஒட்டிக்கொண்டது. பிறகு அதே இடத்தில் விழுந்த மழைத்துளியும் ஒட்டிக்கொண்டது.

அமீன் கரைசல் சோப்பு இல்லை. ஆனால் வெறும் தண்ணீரைவிட அதற்கு இழுவிசை குறைவு, அதனால் சுலபமாக நுழையும். அது மட்டுமில்லை, நாள்பட்டால் பிளாஸ்டிக்கையே ஊற வைத்துத் துளைகளைப் பெரிதாக்கிவிடுகிறது. புகையில் இருக்கும் நீராவி வேறு துளைக்குள்ளேயே குளிர்ந்து துளியாகிறது. ஒருமுறை நனைந்த துளை, அழுத்தத்தைக் குறைத்தாலும் தானாகக் காலியாகாது. மொத்தத்தையும் நிறுத்திக் காய வைக்க வேண்டும். பழைய கறுப்புத் துணிக் குடையை மழையில் உள்ளிருந்து விரலால் தொட்டால், தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பித்து நிற்காமல் ஒழுகுமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவிடம் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன்.

டெஃப்லான் இழை போட்டால் நனைவது குறையும், ஆனால் விலை அதிகம், மெல்லிய இழையாக இழுப்பதும் கஷ்டம். துளையில்லாத மெல்லிய தோல் ஒன்றை மேலே பூசலாம். அது திரவத்தையும் தடுக்கும், வாயுவையும் கொஞ்சம் தடுக்கும். இதெல்லாம் அவள் சொன்னது. அவளுடைய கவலை வேறு.

திரையில் ஒரு கோடு காட்டினாள். முதல் பத்து நாள் தரை மாதிரி சமமாக இருந்தது. பதினோராம் நாளிலிருந்து சரிவு. இரண்டு மாதத்தில் பாதிக்கும் கீழே. கூட வேலை பார்க்கிறவர் ஒருவர், "பத்து நாளோடு படத்தை நிறுத்திக்கொள், நிறையப் பேர் சில மணி நேரத்துக்குத்தான் காட்டுகிறார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்றாராம். பொய்யும் இல்லை. பத்து நாள் வரை நன்றாகத்தானே இருந்தது.

நான் உடனே எதுவும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

காலையில் காபி குடிக்கும்போது அவளிடம் ஒன்று சொன்னேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லாதது. வேலையில் சேர்ந்த ஐந்தாறு வருஷத்தில் நான் ஒரு ஆபீசின் ரெக்கார்டு ரூமுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒரு மூலையில் சுவர் ஓதம் காத்துக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டில் இருந்த சர்வீஸ் புத்தகங்களின் அட்டை லேசாகக் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். வருஷாந்திரச் சரிபார்ப்பில் எழுதினால் விளக்கம் கேட்பார்கள், மராமத்துக்கு எழுது என்பார்கள், ஆடிட் வரும். சூப்பிரண்டு, "இப்போ நல்லாத்தானே இருக்கு, நல்ல நிலையில்னு போடுய்யா" என்றார். போட்டேன். அன்றைக்கு அது பொய் இல்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து, இறந்துபோன ஒரு கடைநிலை ஊழியரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு வந்தார். புத்தகத்தை எடுத்தால் பக்கங்கள் கட்டியாக ஒட்டியிருந்தன. பிரித்த இடத்தில் மை கரைந்து நீலமாக இருந்தது. அவர் சேர்ந்த தேதியை வேறு வழியில் நிரூபிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அத்தனை நாளும் மாதம் ஒருமுறை வந்து என் மேஜைக்கு எதிரே நிற்பார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

பேத்தி காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பாட்டிகிட்ட சொன்னீங்களா தாத்தா?" என்றாள். இல்லை என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் அவள் கோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மார்ச்சில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அறுபது நாளும் இருந்தது. பதினோராம் நாளில் ஒரு அம்புக்குறி போட்டு 'மூயாழ்' என்று எழுதியிருந்தாள். பக்கத்திலேயே இன்னொரு கோடு, தோல் பூசிய புது இழைக்கு. தொடக்கத்திலேயே பழையதைவிடக் கொஞ்சம் தாழ்வு, ஆனால் இதுவரை சரியவில்லை. இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருக்கிறதாம். தினமும் காலையில் இன்றைக்கு எத்தனை என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்று முப்பத்தொன்று.