பச்சை தெரிகிற முட்டை

மூன்று வயசுக் குழந்தைக்குச் சமைக்கிறவனுக்கு நிராகரிப்பு நிச்சயம். பத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இங்கே தட்டு திரும்பும்போது காரணமும் கூடவே வருகிறது: "பச்சை இருக்கு தாத்தா."

பேரன் காய்ச்சலில் விழுந்து எழுந்ததில் எடை குறைந்துவிட்டான். பகலில் அவன் என் பொறுப்பு. வேலைக்குக் கிளம்பும்போது மகள் சொல்லிவிட்டுப் போவாள்: "காரட்டோ கீரையோ, கண்ணுக்குத் தெரியாம அரைச்சு முட்டையில கலந்துடுங்கப்பா. உள்ளே போனாப் போதும்." அவள் அவசரம் நியாயமானது. எடை பார்க்கும் இயந்திரத்தோடு வாதம் பண்ண முடியாது. இருந்தும் அந்தப் பழுப்பு வஸ்துவை அவன் விழுங்குவதைப் பார்க்கையில் ஓர் உறுத்தல். இன்னதென்று அறியாமல் தின்கிறான். காரட்டின் சத்து உள்ளே போகிறது. காரட் அவனுக்குப் பரிச்சயமாகவில்லை.

எனவே முருங்கைக்கீரையைத் தெரியும்படியாகவே முட்டையில் போட ஆரம்பித்தேன். சூட்சுமமெல்லாம் தண்ணீரில் இருக்கிறது. கீரை சூட்டில் நீர் விடும். முட்டையோடு சேர்த்தே ஊற்றிவிட்டால் எல்லாம் சதசதவென்று ஆகிவிடும். காம்பில்லாமல் உருவிய இளம் இலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், நல்லெண்ணெய். வெங்காயம் வதங்கி இனிப்பு ஏறின பிறகு கீரை. லேசாக நீர் தெளித்து வேகவிட்டு, ஈரம் சுத்தமாக வற்றினதும்தான் முட்டை. வெண்கரு சுமார் 62 டிகிரியிலேயே இறுக ஆரம்பித்துவிடுகிறது. மஞ்சள்கரு அதற்குச் சற்று மேலே. முழுக்க இறுகியதும் இறக்கிவிட வேண்டும். மேலும் எரியவிட்டால் புரதம் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளும், கந்தக வாடை கிளம்பும். என் பேரன் முகம் திருப்புவது பாதி நாள் இந்த வாடைக்குத்தான். பழி என்னவோ பச்சையின் மேல். கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவல். மிளகாய் கிடையாது.

1982இல் லீன் பர்ச்சும் மார்லினும் இரண்டு வயசுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத பண்டங்களைத் திரும்பத் திரும்ப ருசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகத் தடவை ருசித்தது அதிகம் பிடித்துப்போயிற்று. வெறுமனே பார்த்துப் பழகுவதால் மட்டும் ருசி பிடித்துவிடாது என்று 1987இல் பர்ச் குழுவினர் எழுதினார்கள். ஆக வாயில் பட்டாக வேண்டும். அரைத்து ஒளித்த கீரையோ கண்ணிலும் படுவதில்லை, நாக்கிலும் கீரையாகப் படுவதில்லை.

அதே 1982இல்தான் இங்கே சத்துணவுத் திட்டம் வந்தது. முட்டை பின்னால் சேர்ந்து, 2010இல் வாரத்துக்கு ஐந்து என்றாயிற்று. அவித்த முட்டை, முழுசாக, தட்டில். ஒளிக்க அதில் இடமில்லை. தவிரவும் பக்கத்துத் தட்டிலும் அதுவே இருக்கிறது. என் பேரனுக்குப் பக்கத்துத் தட்டு கிடையாது. அதனால் நானும் அவனெதிரே உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறேன்.

இரவில் மகள் அரைத்தேதான் போடுகிறாள். நான் தடுப்பதில்லை. எடை இருநூறு கிராம் ஏறியிருக்கிறது. யார் சமையலால் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நேற்று ஒன்பதாவது தடவை. இலைகளைப் பொறுக்கித் தட்டோரத்தில் வரிசையாக வைத்தான். ஒன்றை எடுத்து எனக்கு ஊட்டினான். அடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, துப்பலாமா என்கிற மாதிரி என்னையே பார்த்தபடி இருந்தான்.