எம்மாம் பெருசு வாத்தியாரே?

மாசி மாதம் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் மரக்காணம் உப்பளத்தில் போய் நின்றால் தலைக்கு மேலே சிவப்பாகத் திருவாதிரை தெரியும். அதற்குச் சற்றுத் தெற்கே வெள்ளையாகப் பளீரென்று சிரியஸ். இன்னும் தெற்கே, தாழ்வாக அகத்தியர் நட்சத்திரம். ஈ.சி.ஆர். விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி நின்றபோது உப்பளத்துப் பெரியவர் ஒருவர் சிரியஸைக் காட்டி, "அது எம்மாம் பெருசு இருக்கும் வாத்தியாரே?" என்றார். சூரியனைப் போல ஒன்றே முக்கால் மடங்கு அகலம் என்றேன். "யாரு அளந்தது?" என்றார் உடனே. பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். உப்புக்காரர்கள் அளக்காததை நம்ப மாட்டார்கள்.

அளந்தவர் நம் ஊர்க்காரர் என்றால் நம்புவீர்களா? ராபர்ட் ஹான்பரி பிரவுன், 1916 ஆகஸ்டு 31 அன்று நீலகிரி அருவங்காட்டில் பிறந்த ஆங்கிலேயர். அப்பாவுக்கு அங்கே கார்டைட் தொழிற்சாலையில் வேலை. ஊட்டி ரயிலில் போன நீங்கள் அந்த ஸ்டேஷனைக் கடந்திருப்பீர்கள்.

எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் அந்தக் காலத்தில் நட்சத்திரம் வெறும் புள்ளிதான். மரக்காணத்தில் நின்றுகொண்டு, விசாகப்பட்டினத்துக்கும் அப்பால் 800 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைச் சொல்லச் சொன்னால் எப்படி? சிரியஸ் ஏறக்குறைய அந்த அளவு. 1920-இல் அமெரிக்காவில் மைக்கல்சனும் பீஸும் 20 அடி உத்தரத்தின் இரு முனையிலும் கண்ணாடி வைத்து, இரண்டு ஒளியையும் ஒன்று கலந்து திருவாதிரையை அளந்துவிட்டார்கள். பிறகு 50 அடி உத்தரம் செய்து பார்த்தார்கள், அது சரியாக அடங்கவில்லை.

ஹான்பரி பிரவுன் ஒளியைக் கலக்கவே இல்லை. கழுவேலியில் இரண்டு தக்கைகளை அருகருகே மிதக்க விடுங்கள், சேர்ந்து ஆடும். தள்ளி வைத்தால் அதது தன் போக்கில் ஆடும். அலை அகன்ற இடத்திலிருந்து வந்தால் இந்த ஒற்றுமை சீக்கிரம் குலையும். சின்ன இடத்திலிருந்து வந்தால் வெகுதூரம் வரை தாங்கும். நட்சத்திர ஒளிக்குள்ளும் அப்படியொரு நுண்ணிய துடிப்பு உண்டு. (நம் கண்ணுக்குத் தெரியும் மினுக்கல் அல்ல, அது காற்றின் வேலை.) இரண்டு கண்ணாடிகளில் விழும் துடிப்பை மின்சாரமாக்கி, கம்பி வழியே கொண்டுவந்து ஒப்பிட்டார். எந்த இடைவெளியில் ஒற்றுமை குலைகிறதோ, அதிலிருந்து நட்சத்திரத்தின் அளவு. கணக்குக்குத் துணை ரிச்சர்ட் ட்விஸ்.

பெரிய பெரிய பௌதிகக்காரர்களே இது நடக்காது என்றார்கள். ஒளித்துகள்கள் தனித்தனியாக வருபவை, இரண்டு இடத்தில் எப்படி ஒத்துப்போகும் என்பது அவர்கள் வாதம். இவர் ராணுவம் கழித்த இரண்டு தேடுவிளக்குக் கண்ணாடிகளை வாங்கி, 1955-56 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் சிரியஸைப் பார்த்தார். அந்த ஊர் மேகத்தில் பல மாதம் காத்திருந்து கிடைத்தது மொத்தம் 18 மணி நேரம். அது போதுமானதாக இருந்தது.

பின்னர் ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளம் போட்டு, 6.5 மீட்டர் அகலக் கண்ணாடிகள் இரண்டை அதன்மேல் ஓடவிட்டார்கள். 1972 வரை 32 நட்சத்திரங்களை அளந்தார்கள். திருவாதிரை மாதிரி குளிர்ந்த சிவப்பு நட்சத்திரங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. ஆனால் பட்டியலில் அகத்தியர் உண்டு, மகம் உண்டு, திருவோணம் உண்டு. உங்கள் ஜென்ம நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள்.

என் வீட்டுக்காரி சித்திரை. அதுவும் இருக்கிறது. சித்திரை ஒன்றல்ல, இரண்டு. நாலே நாளில் ஒன்றையொன்று சுற்றிவரும் ஜோடி. அந்தச் சுற்றுப்பாதையையும் நராப்ரியில் அளந்திருக்கிறார்கள். பங்குனியில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடல் பக்கம் பார்த்தால் தெரியும்.