நாலு நாட்டுச் சேறு

ருசுமோ அருவியை மட்டும் பார்ப்பதற்காக யாரும் விமானம் ஏறி வரமாட்டார்கள். உயரத்தில் அது ரொம்பச் சாதாரணம். ஆனால் ருவாண்டாவையும் தான்சானியாவையும் இணைக்கிற பாலத்தின் நடுவே நின்று கீழே எட்டிப் பாருங்கள்... தண்ணீரின் நிறம் கண்ணில் அறையும். பால் தாராளமாக ஊற்றிய டீ!

"இது எந்த ஊர் மண்?" என்று டிரைவரிடம் கேட்டேன். ருவாண்டா இளைஞர், நல்ல இங்கிலீஷ், ஸ்வாஹிலியும் அத்துப்படி.

"எங்க மண் பாதி, புருண்டி மண் மீதி" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

ககேரா என்கிற இந்த ஆற்றின் ஜாதகம் அப்படி. ருவாண்டா மலைகளிலிருந்து ந்யபரோங்கோ, புருண்டியிலிருந்து ருவுபு. இரண்டும் அருவிக்குச் சற்று மேலே கைகோக்கின்றன. அங்கிருந்து ககேரா வடக்கே ருவாண்டா - தான்சானியா எல்லையாக ஓடி, கிழக்கே திரும்பி, உகாண்டா - தான்சானியா எல்லையில் கொஞ்ச தூரம் கண்ணாமூச்சி ஆடி, தான்சானியாவுக்குள் நுழைந்து, கடைசியில் உகாண்டா மண்ணில் விக்டோரியா ஏரியில் விழுகிறது. அந்த ஏரிக்கு வரும் ஆறுகளில் பெரியது இதுதான். ஏரியிலிருந்து கிளம்புவது நைல்.

விடுவார்களா? 'நைல் பிறந்தது எங்க ஊரில்தான்' என்று புருண்டிக்காரர்கள் மலைமேல் ஒரு குட்டிப் பிரமிடே கட்டி வைத்திருக்கிறார்கள். ருவாண்டாக்காரர்கள் ந்யுங்வே காட்டைக் காட்டுகிறார்கள். உகாண்டாவைக் கேட்டால், 1862-ல் ஸ்பீக் துரை பார்த்துச் சொன்ன ஜிஞ்சாதான் ஆரம்பம் என்று அடித்துச் சொல்வார்கள். நைலுக்குப் பெற்றோர் ஆளாளுக்குக் கிளம்புகிறார்கள். சேற்றுக்குத்தான் யாரும் சொந்தம் கொண்டாடக் காணோம்.

ஆற்றை வைத்துச் சண்டையும் நடந்திருக்கிறது. 1978-ல் இடி அமீன், 'ககேரா ஆறுதான் இயற்கையான எல்லை' என்று சொல்லி அதன் வடகரையில் இருந்த தான்சானிய நிலத்தைப் பிடித்துக்கொண்டார். க்யாகா பாலத்தைத் தகர்த்தார்கள். தான்சானிய ராணுவம் திருப்பி அடித்த அடியில், 1979 ஏப்ரலில் அமீன் நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று.

அதைவிடக் கொடுமை 1994. ருவாண்டா இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் இந்த அருவி வழியாக மிதந்து விக்டோரியா ஏரி வரை போயின. உகாண்டா கரையில் மீன் பிடிக்கிற ஜனங்கள், முன்பின் தெரியாதவர்களின் உடல்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். அங்கே இன்றும் நினைவிடங்கள் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் 24 மணி நேரத்துக்குள் இரண்டரை லட்சம் பேர் இந்த ருசுமோவில் தான்சானியாவுக்கு நடந்தே கடந்தார்கள். அப்போது இருந்தது ஒடுக்கமான பழைய பாலம். புதுப் பாலம் பின்னால் வந்தது. அதை நெருங்கும்போது டிரைவர் ரேடியோவை அணைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட ஆற்றங்கரையில், இந்த நாலு நாடுகளையும் உட்காரவைத்து 'மண்ணைப் பற்றிப் பேசுவோம்' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். 2010-ல் அது நடந்தது. ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் முன்னின்றது. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் பணம் கொடுத்தது. 'ககேரா ஆற்றுப் படுகை எல்லை கடந்த வேளாண் சூழல் மேலாண்மைத் திட்டம்' என்று பெயர். ஒரே மூச்சில் சொல்பவருக்கு ஒரு சோடா இலவசம்! சுருக்கமாக 'ககேரா டாம்ப்'.

நமக்கு ஆறு என்றாலே டி.எம்.சி. கணக்குதான். இங்கே கவலை வேறு: தண்ணீர் கொண்டுவருவது என்ன? ருவாண்டாவில் சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மலையுச்சி வரை பயிர். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். சரிவில் கொத்திப்போட்ட மண் மழைக்குக் காத்திருக்கிறது. அது கரைந்து போனால் மேட்டுக்காரருக்கு விளைச்சல் போச்சு. கீழே ஏரியில் சத்துச் சேர்ந்து ஆகாயத்தாமரைக்கு விருந்து. 1980-களின் கடைசியில் விக்டோரியா ஏரியில் தலைகாட்டிய அந்தச் சனியனுக்கு, ககேராவே தூக்கிக்கொண்டு வந்து விடுகிற வாகனம்.

மாநாட்டுத் தீர்மானங்களை விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது, அந்தத் திட்டக்காரர்கள் கையில் எடுத்த ஒரு கருவி. பாலத்தைத் தாண்டி, வலதுபுறம் ஓடிய வண்டி இடதுபுறத்துக்கு மாறி (தான்சானியாவில் நம்ம ஊர் வழக்கம்), ந்காரா மாவட்டத்தில் ஒரு வாழைத்தோட்டத்தில் அதைப் பார்த்தேன்.

தோட்டத்துச் சொந்தக்காரர் ஐம்பது வயதுப் பெண்மணி. "மாமான்னு கூப்பிடுங்க" என்றார் டிரைவர். திடுக்கிட்டேன். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மாவாம்! அண்ணனுக்குக் 'காக்கா', அக்காவுக்குத் 'தாதா'. குடும்பத்தோடு போனால் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய பாஷை.

'மாமா' ஒரு மரச்சட்டத்தைத் தூக்கி வந்தார். ஒரே உயரத்தில் இரண்டு கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, குறுக்கே ஒரு குச்சி. உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். அவ்வளவுதான். கயிறு குறுக்குக் குச்சியின் நடு அடையாளத்தில் நின்றால், இரண்டு காலும் ஒரே மட்டம் என்று அர்த்தம். நம்ம கொத்தனாரின் தூக்குக்குண்டுதான், கொஞ்சம் வேஷம் போட்டிருக்கிறது! இதை வைத்து ஒவ்வொரு எட்டாக நடந்து, முளை அடித்துக்கொண்டே போனால், மலைச்சரிவில் மட்டக்கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் வாய்க்கால் வெட்டி, மண்ணை மேல்பக்கம் எறிந்து வரப்பு போடணும். இதற்குப் பெயர் 'ஃபான்யா ஜூ'. 'மேலே போடு' என்று அர்த்தம். மழைத் தண்ணீர் வாய்க்காலில் நின்று இறங்கும். கரைந்து வரும் மண் வரப்பில் தங்கும். வருஷக்கணக்கில் சரிவு தானாகவே படிக்கட்டாகிவிடும். பக்கத்து ருவாண்டாவில் இத்தனை பொறுமை கிடையாது. மலையையே வெட்டிப் படிக்கட்டாக்கி, 'ராடிகல் டெரஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏதோ கட்சி மாதிரி இருக்கிறது.

இதை மாமா கற்றது உழவர் வயல்வெளிப் பள்ளியில். பெஞ்சு கிடையாது, பிரம்பு கிடையாது. ஊர்க்காரர்கள் ஒரு வயலில் கூடிச் செய்து பார்த்து, பலித்தால் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். திட்டம் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே முடிந்து, பணமும் நின்றுவிட்டது. "பின்னே ஏன் இன்னும் வெட்டறீங்க? இருக்கிறதே துண்டு நிலம்... அதிலும் வாய்க்காலுக்கு இடம் போகுதே?" என்று கேட்டேன்.

மாமா வரப்பைக் காட்டினார். இடுப்புயரம் யானைப்புல். அதைத் தின்ன கொட்டிலில் ஒரு பசு. பசுவின் சாணி வாழைக்கு. உகாண்டாக்காரன் ஏரி தெளிவாக இருக்கணும் என்று இவர் மண்வெட்டி தூக்கவில்லை. சொல்லப்போனால் அந்த ஏரியை இவர் பார்த்ததே இல்லையாம். பசு பால் கறக்கிறவரை வரப்பு நிற்கும். திட்டத்திலேயே கெட்டிக்காரத்தனமான பகுதி என்று நான் நினைப்பது இந்தப் புல்லைத்தான்.

ஆனால் ஒரு தொல்லை. மேலே இருக்கிற தோட்டக்காரர் வாய்க்கால் வெட்டவில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் அவர் நிலத்துத் தண்ணீர் இறங்கி மாமாவின் வரப்பை உடைக்கிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆசாமி மேலே நின்று எட்டிப் பார்த்தார். மாமா இங்கிருந்தே குரல் கொடுத்தார். டிரைவர் எனக்கு மொழிபெயர்த்தார்.

"பாதி வாய்க்காலை நானே வந்து வெட்டித் தர்றேன். மீதியை நீ வெட்டு!"

"எனக்கு என்ன லாபம்?"

"புல்லு வச்சுக்கோ!"

"பசுவே இல்லை, புல்லை நானா திங்கறது? அடுத்த கன்னுக்குட்டியைக் குடு!"

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "காளைக் கன்னுன்னா எடுத்துக்கோ. கிடாரியைக் கேக்காதே!"

"கிடாரி இல்லேன்னா வாய்க்காலும் இல்லை!"

டிரைவர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நாங்கள் வண்டியேறும்போது பேரம் ஒரு காளைக்கன்று, கூடவே இரண்டு வாழைத்தார் என்ற அளவில் நின்றுகொண்டிருந்தது.